அம்மாவின் தாத்தா பஸ்ராவுக்குப் போன பட்டாளத்துக்காரர்: போவதற்கு முன்னும் வந்த பின்னும் அவர் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும்?

குடியாத்தம்_பேத்தி

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவின் தாத்தா முதல் உலகப் போரில் பட்டாளத்தில் இருந்தவர். ஊரில் எங்கள் வீட்டுக்கு இன்னமும் பட்டாளத்தார் வீடு என்றுதான் பெயர், ஆனால் அவர் எந்தப் படையில் இருந்தார், ஏன் போனார், திரும்பி வந்து என்ன பாடுபட்டார் என்று கோவையாகச் சொல்ல இப்போது யாரும் இல்லை. அம்மாவுக்கு அவருடைய அம்மா சொன்ன துண்டு துண்டான சேதிகள்தான் மிச்சம்.

போவதற்கு முன் அவர் பண்ணையாள். அவருடைய அப்பா வாங்கிய கடனுக்காகச் சின்ன வயதிலேயே ஒரு பெரிய வீட்டில் மாடு மேய்க்க விடப்பட்டு, வளர்ந்ததும் அங்கேயே ஏர் ஓட்டியவர். எங்கள் தெரு ஊருக்கு வெளியே இருந்த தெரு, அதற்குமேல் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். இன்றைய இராக்கில் இருக்கும் பஸ்ராவுக்குக் கப்பலில் போனார். சண்டை முடிந்து இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தார். வந்து பார்த்தால் மனைவியும் கைக்குழந்தையும் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தார்கள், அந்தத் தகவல்கூட அவருக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லையாம். நாங்கள் எல்லாரும் இரண்டாவது மனைவியின் வழி. பட்டாளத்துப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஊர்த்தெரு வழியாக நடந்ததற்குப் பஞ்சாயத்து வைத்தார்கள் என்றும், அதன்பிறகு ஊரே வேண்டாம் என்று கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய்விட்டார் என்றும் அம்மா சொல்வார். எழுதப் படிக்கத் தெரிந்தவர், அது பட்டாளத்தில் கற்றது.

கையில் இருக்கும் ஒரே பொருள் ஒரு பதக்கம். மஞ்சள் நிறம், ஒரு பக்கம் இறக்கை முளைத்த பெண், மறுபக்கம் ஆங்கிலத்தில் 'நாகரிகத்துக்கான மகா யுத்தம் 1914–1919' என்று பொருள்படும் எழுத்து. விளிம்பில் ஓர் எண், 'எஸ்.பி.ஆர்.', அவர் பெயர், பிறகு '2 கியூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.' என்று இருக்கிறது.

அவருக்கு என்ன சம்பளம் கிடைத்திருக்கும்? அங்கே என்ன வேலை செய்திருப்பார்? திரும்பி வந்தவர்களுக்கு நிலம், பென்ஷன் எதுவும் கொடுக்கவில்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அவர் இருக்கும்போதே கொஞ்சமாவது தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

பழையகாசு

முதலில் பதக்கத்தைப் பற்றி, அதுதான் எனக்குத் தெரிந்த துறை. அது வெற்றிப் பதக்கம். நேச நாடுகளெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி வடிவில் அடித்துத் தத்தம் வீரர்களுக்குக் கொடுத்தது, ரிப்பன் இருந்திருந்தால் வானவில்லின் நிறங்கள் தெரியும். ஆனால் அது தனியாக வந்திருக்காது. அதை வாங்கியவருக்கு அதற்கு ஜோடியாக பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் என்ற இன்னொன்றும் கிடைத்திருக்கும், அது வெள்ளி. ஏறக்குறைய மூன்று வெள்ளி ரூபாயின் எடை இருக்கும். பல வீடுகளில் மஞ்சள் பதக்கம் மட்டும் தங்கியிருப்பதன் காரணம் அதுதான், வெள்ளி அடகுக்குப் போயிருக்கும் அல்லது தட்டானிடம் போய்க் கொலுசாகவோ அரைஞாணாகவோ மாறியிருக்கும். இதற்காக உங்கள் குடும்பத்தில் யாரையும் குறை சொல்லாதீர்கள். அவருக்கு அரசாங்கம் கொடுத்ததிலேயே ஆபத்துக்கு உதவியது அந்த வெள்ளியாகத்தான் இருந்திருக்கும்.

எஸ்.பி.ஆர். என்பது சாப்பர். மற்றது இரண்டாவது குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது மெட்ராஸ் சாப்பர்கள். விளிம்பில் இருக்கும் எண் அவருடைய படை எண், அதை முதலில் பத்திரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வேறு எங்கே தேடப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

தயவுசெய்து அந்தப் பதக்கத்தைப் புளி போட்டோ பாலிஷ் போட்டோ தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க விளிம்பில் உள்ள எழுத்து மழுங்கும், எழுத்து போய்விட்டால் அது யாருடையதோ ஒரு பதக்கம் ஆகிவிடும். இன்னொன்று, அது சண்டைப் படையில் இருந்தவருக்குக் கொடுத்த பதக்கம். சுமை தூக்கவும் கூலி வேலைக்கும் போனவர்களில் பலருக்குக் கிடைத்தது வெறும் வெண்கலத்தில் அடித்த போர்ப் பதக்கம் ஒன்றுதான், அதே கடல், அதே வெயில், அதே காய்ச்சலை அவர்களும் தாங்கியிருந்தும்.

அல்சூர்_சாப்பர்

அம்மா, நான் அதே படையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது அதற்கு மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்று பெயர். 1780-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் பயனியர், அதாவது படைக்குப் பாதை வெட்டுபவர்கள், என்று ஆரம்பித்தது, தலைமையிடம் பெங்களூர் அல்சூரில். எங்களை இன்றும் ராணுவத்தில் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள், வடக்கத்தி ஆபீசர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். உங்கள் கொள்ளுத்தாத்தாவும் ஒரு தம்பிதான்.

சாப்பர் என்றால் துப்பாக்கியும் பிடிக்க வேண்டும், மண்வெட்டியும் பிடிக்க வேண்டும். பாலம் கட்டுவது, பாதை போடுவது, பதுங்குகுழி வெட்டுவது, முள்கம்பி விரிப்பது, எதிரி வைத்த வெடியை எடுப்பது, தண்ணீருக்கு வழி செய்வது எல்லாம் எங்கள் வேலை. காலாட்படை போவதற்கு முன்னால் நாங்கள் போக வேண்டும், அது திரும்பிய பிறகு நாங்கள் திரும்ப வேண்டும். மெசொப்பொட்டேமியா, அதாவது இன்றைய இராக், அந்த வேலைக்கு எவ்வளவு மோசமான இடம் என்று பாருங்கள். கோடையில் நெருப்பு, குளிர்காலத்தில் முழங்கால் சேறு, பனி உருகும் பருவத்தில் டைகிரிஸ் ஆறு கரை உடைத்து முகாமுக்குள் வந்துவிடும், அதற்கு அணை போட சாப்பர்களைத்தான் நிறுத்துவார்கள். ரோடு கிடையாது, ரயில் அப்புறம்தான் வந்தது, எல்லாம் ஆற்று வழிப் படகுதான். 1916 ஏப்ரலில் கூட் என்ற ஊரில் முற்றுகையில் மாட்டிய இந்தியப் படைப்பிரிவு சாப்பாடு தீர்ந்து துருக்கியரிடம் சரணடைந்தது. பிடிபட்டவர்களைப் பாலைவனத்தில் நடத்தியே கொண்டு போனார்கள், அதில் ஏராளமான பேர் செத்தார்கள். அடுத்த வருடம் பிப்ரவரியில் நம் படையினர் ஷும்ரான் என்ற ஆற்று வளைவில் எதிர்க்கரையிலிருந்து குண்டு பொழியும்போது படகைத் தள்ளி ஆற்றைக் கடந்தார்கள், அதில் மெட்ராஸ் சாப்பர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கிருந்து பாக்தாத், அதைப் பிடித்தது 1917 மார்ச் 11.

குண்டைவிட வியாதி அதிகம் ஆளைத் தின்றது என்பதையும் சொல்ல வேண்டும். காலரா, பேதி, மலேரியா, வெப்பத் தாக்கு. 1916-ல் இந்தியச் சிப்பாய்களுக்கு ஸ்கர்வி வந்து கும்பல் கும்பலாக விழுந்தார்கள், ஈறு வீங்கி ரத்தம் கசிந்து பல் ஆடும், பழைய காயம் திறந்துகொள்ளும். காய்கறி இல்லாத ரேஷனால் வந்த வியாதி அது. அந்த நிர்வாகக் கேவலத்தை விசாரிக்க லண்டனில் ஒரு கமிஷனே போட்டு 1917-ல் அறிக்கை வெளியிட்டார்கள். நான் பணியில் சேர்ந்த காலத்தில் ஒரு கிழங்கோ கீரையோ தட்டில் இல்லை என்றால் எங்கள் பழைய ஹவில்தார் மெஸ்ஸில் சண்டைக்குப் போவார். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பிற்பாடு படித்தபோதுதான் விளங்கியது.

இரண்டு வருடம் தாமதம் என்றீர்களே, அதற்கும் காரணம் இருக்கிறது. 1918 நவம்பரில் போர் முடிந்தாலும் இராக்கை பிரிட்டன் விடவில்லை. 1920-ல் அந்த ஊர் மக்கள் பெரிய கிளர்ச்சியில் இறங்கினார்கள், அதை அடக்க அங்கிருந்த படையை வைத்துக்கொண்டதோடு இந்தியாவிலிருந்து இன்னும் ஆளை அனுப்பினார்கள். பாலமும் ரயில் பாதையும் உடைக்கப்பட்ட ஊரில் சாப்பரை யார் வீட்டுக்கு அனுப்புவார்கள்? அதனால் 1920 கடைசியிலோ 21-லோ வந்திருப்பார், உங்கள் வீட்டுக் கதை சரியாகப் பொருந்துகிறது.

மாகாணச்_சேதி

சகோதரி, சம்பளக் கேள்விக்கு வருகிறேன். அந்தப் போரின்போது இந்தியச் சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் மாதம் 11 ரூபாய். வெளிநாட்டுப் பணியில் அதற்குமேல் படி உண்டு. உள்நாட்டு முகாமில் இருக்கும்போது சாப்பாட்டுச் செலவு அந்த 11 ரூபாயிலிருந்தே போகும், இலவச ரேஷன் எல்லாருக்கும் என்று ஆனது 1917-ல். சம்பளத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்ப எழுதிக் கொடுக்கலாம், அது மணியார்டராக வரும்.

11 ரூபாய் பெரிய தொகையா என்று கேட்டால், யாருக்கு என்று கேட்க வேண்டும். பண்ணையாளுக்குக் கூலி நெல்லாகத்தான், வருடத்துக்கு ஒரு வேட்டி, வீட்டில் கல்யாணம் சாவு என்றால் கடன், அந்தக் கடன் அடையாமல் மகன் தலையில் ஏறும். கையில் காசாகச் சம்பளம் என்பதையே பார்க்காத மனிதருக்கு அது வெறும் பணம் இல்லை, அந்த வீட்டுப் படியை விட்டு இறங்க வழி. அதனால்தான் யாரிடமும் சொல்லாமல் போனார். சொன்னால் பண்ணைக்காரர் விட்டிருக்க மாட்டார். அதே வடாற்காட்டு, செங்கல்பட்டு, தஞ்சாவூர்த் தெருக்களிலிருந்துதான் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் போனார்கள். பட்டாளமும் அப்படிப்பட்ட ஒரு கப்பல்தான், வித்தியாசம் என்னவென்றால் இதில் ஆளைச் சுடுவார்கள்.

உங்கள் கொள்ளுத்தாத்தா சாப்பர் படையில் சேர்ந்ததும் தற்செயல் இல்லை. கம்பெனி காலத்திலிருந்து மெட்ராஸ் ராணுவத்தில் பறையர் சாதியினர் ஏராளமாக இருந்தார்கள். 1880-களில் இங்கே தளபதியாக இருந்து பிறகு இந்தியா முழுவதற்கும் தளபதியான ராபர்ட்ஸ், தென்னாட்டு ஆட்கள் சண்டைக்கு லாயக்கில்லை, வடமேற்கு ஆட்கள்தான் வீரர்கள் என்ற கொள்கையைத் தீவிரமாகப் பரப்பியவர். போர்க்குடி என்று சிலரை அச்சிட்டு ஏட்டில் எழுதிவிட்டார்கள். மெட்ராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன, சிலவற்றில் படையின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்களைப் பஞ்சாபிகளாக மாற்றினார்கள். ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கு ஓரளவு திறந்திருந்த வாசல்கள் சாப்பர்களும் பயனியர்களும்தான். போர் வந்து ஆள் பற்றாமல் போனதும் 1917 வாக்கில் இதுவரை வேண்டாம் என்றவர்களையெல்லாம் தேடி வந்தார்கள்.

எனக்கு இதில் ஆறாத கோபம் ஒன்று உண்டு. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா துறைமுகத்தில் ஒரு தாக்குதல் நடந்து படுதோல்வியில் முடிந்தது. வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டுக் கிடந்தவர்களை, உளவுகூடப் பார்க்காமல் கரையில் இறக்கி, ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் நிறுத்தினார்கள். அதில் 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி சிதறி ஓடியது. திட்டம் போட்ட ஜெனரலின் தவறு கொஞ்ச நாள் பேசப்பட்டு அடங்கிவிட்டது, மெட்ராஸ் சிப்பாய் கோழை என்ற பேச்சு மட்டும் நின்றுவிட்டது. போருக்குப் பிறகு 1922-ல் எல்லா மெட்ராஸ் காலாட்படையையும் மூன்றாவது மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று ஒன்றாக்கினார்கள், சிக்கனம் என்ற பெயரில் 1928-க்குள் அதையும் இழுத்து மூடினார்கள். 1930-களின் தொடக்கத்தில் பயனியர்களும் போனார்கள். சாப்பர்கள் மட்டும் தப்பினார்கள். அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டதும், 1941, 42-ல் மெட்ராஸ் ரெஜிமென்டை மறுபடி எழுப்பினார்கள். இரண்டாம் போரின்போது இந்தியப் படை 2 லட்சத்திலிருந்து 25 லட்சமாக வீங்கியது, அதில் நம் பக்கத்து ஆட்கள் பெருங்கூட்டம். இதே சாப்பர் படையின் சுபேதார் சுப்பிரமணியன் 1944-ல் இத்தாலியில் கண்ணிவெடியின் மேல் தன் உடம்பைப் போட்டுக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த வீரப் பதக்கத்தை வாங்கிய முதல் இந்தியர் அவர்தான். லாயக்கில்லாத இனம்!

நிலம், பென்ஷன். பஞ்சாபில் கால்வாய்க் குடியேற்றங்கள் இருந்தன, புதிதாகப் பாசனம் வந்த பூமியைத் திரும்பி வந்த சிப்பாய்களுக்கு அளந்து கொடுத்தார்கள். மெட்ராஸ் மாகாணத்தில் அப்படிக் கொடுக்க வெறும் பாசன பூமி கிடையாது, இருந்த நன்செய்யெல்லாம் ஏற்கெனவே யார் கையில் இருந்தது என்று உங்களுக்கே தெரியும். மாதப் பென்ஷன் என்பது நீண்ட காலம் சேவை செய்தவருக்கு, கை கால் போனவருக்கு, இறந்தவரின் குடும்பத்துக்கு. போருக்கென்று சேர்ந்து நாலைந்து வருடம் இருந்து முழு உடம்போடு திரும்பியவர் பாக்கிச் சம்பளத்தையும் ஒரு சிறு தொகையையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்திருப்பார். அதைக்கொண்டு அவர் முதலில் பண்ணைக் கடனை அடைத்திருப்பார் என்பது என் ஊகம், இல்லையென்றால் கோலாருக்குப் போக அவரை விட்டிருக்க மாட்டார்கள்.

அந்த விஷக்காய்ச்சல் 1918-ன் இன்ஃபுளுயன்சா. அந்த வருடம் ஜூனில் பம்பாய்த் துறைமுகம் வழியாக நாட்டுக்குள் வந்து, செப்டம்பருக்குப் பிறகு இரண்டாவது அலையாக வெறிகொண்டு பரவியது. இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், போரில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 74,000. அதாவது போர் முழுவதிலும் செத்த சிப்பாய்களைவிட அந்தக் காய்ச்சலில் வீட்டில் செத்தவர்கள் பல மடங்கு அதிகம். கூடவே விலைவாசி. அரிசி, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் ஏறி, 1918 செப்டம்பரில் மெட்ராஸ் நகரத்திலும் மாவட்டங்களிலும் தானியக் கடைகளை மக்கள் உடைத்துக் கொள்ளையடித்தார்கள். அவர் மணியார்டர் அனுப்பியிருந்தாலும் அந்தப் பணத்துக்கு அரைப்படி அரிசி கிடைத்ததா என்று யோசியுங்கள். பசித்த உடம்பில் அந்தக் காய்ச்சல் நிற்காது.

செஞ்சட்டைக்காரன்

குடும்பத்தின் வலி புரிகிறது, மரியாதையோடுதான் கேட்கிறேன். வெள்ளைக்காரன் கூலிக்குப் போய் அரபு மக்களின் நாட்டைப் பிடித்துக் கொடுத்ததை நாம் இவ்வளவு உருக்கமாகப் பேசலாமா? மேலே சாப்பர் ஐயாவே சொல்கிறார், 1920-ல் அந்த மக்கள் சுதந்திரம் கேட்டு எழுந்தபோது அதை அடக்கத்தான் இவர்களை நிறுத்தி வைத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் ஏப்ரலில் ஜாலியன்வாலா பாகில் டயர் சொன்னதும் சுட்டவர்களும் இந்தியச் சிப்பாய்களும் கூர்க்காக்களும்தான். பதக்கத்தின் பின்னால் 'நாகரிகத்துக்கான யுத்தம்' என்று அச்சடித்திருக்கிறார்களே, யாருடைய நாகரிகம்? தமிழர்கள் போனார்கள் என்பதற்காக அதைப் பெருமையாக்கக் கூடாது.

மாகாணச்_சேதி

கேள்வி நியாயமானது, இராக் மக்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் இந்தப் பெண் பெருமை கேட்கவில்லை, தன் கொள்ளுத்தாத்தா எப்படி வாழ்ந்தார் என்று கேட்கிறார். பேரரசின் அடியாளாக இருந்ததும், சொந்த ஊரில் செருப்புப் போட்டு நடக்க உரிமை இல்லாமல் இருந்ததும் ஒரே மனிதர்தான். பட்டாளத்தில் அவருக்குப் பூட்ஸ் கொடுத்தார்கள், எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள், வேறு சாதிக்காரர் வாங்கும் அதே 11 ரூபாயைக் கொடுத்தார்கள். கொடுத்தவன் தன் காரியத்துக்காகக் கொடுத்தான் என்பது உண்மை. ஊரில் அதையும் யாரும் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. அவருக்கு முன்னால் இருந்த வாசல்களில் எது திறந்திருந்ததோ அதில் நுழைந்தார். அந்த வாசலை மட்டும் திறந்துவைத்தவர்களையும், மற்ற எல்லாவற்றையும் பூட்டிவைத்தவர்களையும் விட்டுவிட்டு அவரிடம் கணக்குக் கேட்பது எனக்கு ஏற்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தப் பேரரசும் அவரைத் தன் ஆளாக மதிக்கவில்லை. பஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது, மெசொப்பொட்டேமியாவில் இறந்து கல்லறை இல்லாமல் போன 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காகக் கட்டியது. அதில் பிரிட்டிஷ் வீரர்கள் எல்லோருக்கும் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு, சாதாரணச் சிப்பாய்களுக்கு ரெஜிமென்ட் பெயரும் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையும்தான் பொறித்தார்கள். கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே 2021-ல் இதை விசாரித்து, ஆப்பிரிக்கர், ஆசியர் உட்பட குறைந்தது 1,16,000 பேர் பெயரில்லாமலோ நினைவே இல்லாமலோ விடப்பட்டார்கள் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நம் கிராமங்களில் சில இடங்களில் 'இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் மகா யுத்தத்துக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்' என்று ஒரு கல்வெட்டு இருக்கும், பார்த்திருக்கலாம். அதிலும் எண்ணிக்கைதான்.

புதுவை_மூர்த்தி

இதைப் படித்ததும் எங்கள் ஊர்ச் சொல்தாக்கள் ஞாபகம் வந்தது. பாண்டிச்சேரி, காரைக்காலில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவர்களை அப்படித்தான் சொல்வோம். இங்கே கதை வேறு மாதிரி. 1881-ல் ஒரு சட்டம் வந்தது, தன் சாதி, மத வழக்கப்படியான சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் முழுப் பிரெஞ்சுக் குடிமகன் என்று. அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவர்களும் அதிகம், புதிதாக ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் நிறையப் பேர் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட வியட்நாமின் சைகோனுக்குப் போனார்கள், குமாஸ்தாவாக, காவலராக, சிப்பாயாக. கடற்கரையில் காந்தி சிலைக்கு எதிரே உள்ள போர் நினைவுச் சின்னம் முதல் போரில் செத்த பிரெஞ்சிந்தியர்களுக்காக எழுப்பியது. ஒவ்வொரு ஜூலை 14-க்கும் அங்கே பழைய சிப்பாய்கள் பதக்கம் குத்திக்கொண்டு வருவார்கள்.

1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவுக்கு வந்தது, ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்டில். அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். பட்டாளத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு வீடு உண்டு, தாத்தா இந்தோசீனாவில் இருந்தவர், பேரன்கள் எல்லாம் பாரிஸ் பக்கம் போய்விட்டார்கள், அடுத்த வீட்டுத் தாத்தா பிரிட்டிஷ் எல்லைக்குள் பிறந்து பர்மாவில் சண்டை போட்டவர், அவர் கடைசிவரை ஒரு மில் வாசலில் காவலாளி. இரண்டு பேரும் மாலையில் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுவார்கள். எந்தக் கொடியின் கீழ் பிறந்தோம் என்பதில்தான் அவர்கள் பிள்ளைகளின் தலையெழுத்தே இருந்தது.

பிரான்ஸ் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. செனகலில் தியாரோய் முகாமில் 1944 டிசம்பர் 1-ல், போரிலிருந்து திரும்பிய ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் பாக்கிச் சம்பளம் கேட்டதற்கு பிரெஞ்சுப் படையே அவர்களைச் சுட்டது.

குடியாத்தம்_பேத்தி

இவ்வளவு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அம்மாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். 1920 வரை அங்கேயே நிறுத்தி வைத்தார்கள் என்றதும் அம்மா, "அப்போ வேணும்னே வராம இருக்கலியா" என்று கேட்டார். முதல் மனைவி வீட்டார் அப்படித்தான் ஏசிக்கொண்டே இருந்தார்களாம், குடும்பத்தை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனவன் என்று. சாகிற வரைக்கும் அவர் அதற்குப் பதில் சொல்லவே இல்லையாம். அம்மா பேச ஆரம்பித்ததில் இன்னும் ஒன்று தெரிந்தது. கோலாரில் அவர் சுரங்கத்துக்குள் மரத்தூண் முட்டுக்கொடுக்கும் வேலை பார்த்திருக்கிறார்.

செஞ்சட்டைக்காரன் அவர்களே, நீங்கள் கேட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த ஊர் மக்களைப் பற்றி இதுவரை நான் யோசித்ததில்லை, இனி யோசிப்பேன்.

அவருடைய பணிப் பதிவேடு எங்காவது கிடைக்குமா? யாருக்கு எழுத வேண்டும்?

அல்சூர்_சாப்பர்

முட்டுக்கொடுக்கும் வேலை என்றால் அது முழுக்கச் சாப்பர் வேலை அம்மா. சுரங்கம் வெட்டி மரம் நிறுத்துவதை அல்சூரில் பயிற்சியிலேயே கற்றுக் கொடுப்பார்கள், கோலாரில் அப்படிப்பட்டவரை உடனே எடுத்திருப்பார்கள்.

பதிவேடு விஷயம். காமன்வெல்த் ஆணையத்தின் இணையதளத்தில் தேடாதீர்கள், அது இறந்தவர்களுக்கு மட்டும். பஞ்சாபுக்கு லாகூர் அருங்காட்சியகத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர் கொண்ட பழைய பதிவேடுகள் கிடைத்து இப்போது இணையத்துக்கு வந்துவிட்டன, நம் மாகாணத்துக்கு அந்த மாதிரி ஏடு வெளிவரவில்லை. பெங்களூரில் எங்கள் மையத்தின் ஆவணப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அங்கே அருங்காட்சியகமும் இருக்கிறது. படை எண், பெயர், அவருடைய அப்பா பெயர், கிராமம், அந்தக் காலத்துத் தாலுகா இவ்வளவும் எழுதுங்கள், பதக்க விளிம்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் நாலு துண்டாகப் படம் எடுத்து இணையுங்கள். அவர் படைக்குள் எந்தக் கம்பெனி, அதாவது எந்தச் சிறு பிரிவு, என்று தெரிந்துவிட்டால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசையில் அந்தக் கம்பெனியின் போர் நாட்குறிப்பைத் தேடலாம். சிப்பாய்களின் பெயர் அதில் வருவது அபூர்வம், ஆனால் எந்தத் தேதியில் எந்த ஆற்றில் என்ன பாலம் போட்டார்கள் என்பது இருக்கும்.

கடிதத்தை ஆங்கிலத்தில் எழுத உதவி வேண்டும் என்றால் இங்கேயே சொல்லுங்கள், எழுதித் தருகிறேன். அம்மா சொல்வதையெல்லாம் போனில் பதிவு செய்துகொண்டே வாருங்கள், முதல் மனைவியின் பெயரையும் கேட்டு வையுங்கள், குடும்பப் பங்கு மணியார்டர் அவர் பெயரில்தான் எழுதப்பட்டிருக்கும்.